மலைச்சரிவு ஏன் நழுவுகிறது?

2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபோது கண்டி மாவட்டத்தில் பல மலைச்சரிவுகள் இடிந்து இறங்கின. வீடும் தோட்டமும் இழந்த எமது குடும்பங்கள் புதிய காணியில் மண்வெட்டி போடுமுன், சரிவு நழுவும் காரணத்தை விளங்கிக்கொள்வது நல்லது. பாடசாலைப் பௌதிகமே இதற்குப் போதும்.

பிள்ளைகளின் கொப்பிகளை அடுக்கி, மேலேயுள்ளதைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அடுக்கு நசுங்காது, ஒவ்வொரு கொப்பியும் கீழுள்ளதன்மேல் சற்று நழுவ, முழு அடுக்கும் சாய்ந்துவிடும். நழுவச்செய்யும் விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது தகைப்பு. உருவம் மாறிய அளவு விகாரம்.

எமது மலைகளில் கடும்பாறையின்மேல் உக்கிய மண் படிந்திருக்கிறது. அந்த மண் 2 மீற்றர் தடிப்பானால், சதுர மீற்றர் ஒன்றில் ஏறத்தாழ 3600 கிலோ பாரம் இருக்கும். சரிவு 30 பாகையானால் அதில் பாதி, அதாவது 1800 கிலோ, மண்ணைக் கீழ்நோக்கி இழுக்கும். மண்மணிகளின் உராய்வும் ஒட்டும் தன்மையும் வேர்களுமே அதைத் தடுத்து நிற்கின்றன.

மழைநீர் மண்ணுக்கு எண்ணெய் பூசுவதுபோல வழுக்கச் செய்கிறது என்பார்கள். அது முழு உண்மையல்ல. மண்ணிடுக்குகளில் நிரம்பும் நீர் மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலகத் தள்ளுகிறது; உராய்வு குறைகிறது. பாரமோ கூடுகிறது. நாவலப்பிட்டிக்கு அப்பால் வட்டவளையில், 1990களின் முற்பகுதியில் புகையிரதப் பாதையோடு நகர்ந்த சரிவை எப்படி நிறுத்தினார்கள்? சுவர் கட்டியல்ல, நிலத்தினுள் நீண்ட துளைகளிட்டு நீரை வடியவிட்டார்கள்.

வீடு கட்ட நாம் செய்யும் வேலையோ பெரும்பாலும் இதற்கு எதிரானது. மேட்டின் அடியைச் செங்குத்தாக வெட்டுகிறோம். மேல்மண்ணுக்கு முட்டுக்கொடுத்த மண் அதனால் போய்விடுகிறது. கூரைநீரையும் குசினிநீரையும் அந்த வெட்டுக்கே விடுகிறோம். வெட்டத்தான் வேண்டுமென்றால், முதலில் மேட்டின்மேல் கான் வெட்டி மழைநீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள்.

மண் பெரும்பாலும் இடியுமுன் உருமாறும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்களும் வேலிக்கட்டைகளும், திடீரென இறுகும் கதவு, புதிதாய்த் தோன்றும் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குதல் ஆகியவை விகாரத்தின் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் மழை விடட்டும் என்று காத்திராமல் வெளியேறி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

நேரான பக்கமுள்ள வெறும் பால்மா டின்னை வெளியில் வைத்து, 24 மணித்தியாலத்தில் சேரும் நீரை அடிமட்டத்தால் அளக்கலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளின்படி 75 மில்லிமீற்றருக்கு மேல் விழிப்பு, 100க்கு மேல் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினாலும் வெளியேற்றமே. இரவு மழைக்குமுன் டின்னை வெறுமையாக்கி வையுங்கள்.