உங்களுக்குத் தெரியுமா? பாண்டாவைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல்

காட்டில் பாண்டாக்களைக் கண்காணிக்கச் சென்சார்கள் பரப்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாண்டாவைக் கண்ட சென்சார் அனுப்பும் ரகசியக் குறியீட்டுச் செய்தி, அடுத்தடுத்த சென்சார்கள் வழியாகக் கைமாறிக் கண்காணிப்பு நிலையத்தை அடையும். வேட்டைக்காரன் அதைப் படிக்கவே வேண்டாம். நிலையத்தருகே ஆன்டெனாவோடு நின்று, சிக்னல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, ஒவ்வொரு சென்சாராகப் பின்னோக்கி நடந்தால் போதும். பாண்டா அகப்பட்டுவிடும்!

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-05இல் அலசிய கற்பனைச் சிக்கல் இது. எல்லாச் சென்சாரும் செய்தியை வாங்கி நாலாபுறமும் பரப்பினாலும் பயனில்லை. முதலில் வந்துசேருவது பெரும்பாலும் குறுக்குவழிச் செய்திதான்; வேட்டைக்காரன் அதைப் பின்தொடர்ந்தாலே போதும். அவர்கள் தந்த யோசனை: செய்தியைச் சில சென்சார்கள் தூரம் மனம்போன போக்கில் அலையவிட்டு, அப்புறம் நிலையத்துக்கு அனுப்புவது. அடுத்த செய்தி வேறெங்கிருந்தோ வருவதுபோல் தோன்ற, வேட்டைக்காரன் தடுமாறுவான். என்ன, சென்சார்களின் பாட்டரிதான் கொஞ்சம் சீக்கிரம் தீரும்.