மயக்கம் தெளிந்த பின்னர்
கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் இடுப்பெலும்பு முறிந்த முதியோர் பலர், அறுவை மருத்துவத்திற்காகச் சிதம்பரம் அண்ணாமலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுகின்றனர். எந்த மருத்துவமனையாயினும், அறுவைக்கு மறுநாள் பாட்டி தம் பேரனையே அடையாளம் தெரியாமல் விழிப்பதுண்டு. 'மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது' என்று வீட்டார் கலங்குவர். பெரும்பாலும் இக்குழப்பம் சில நாள்களில் தெளியும்; சிலருக்கு மறதி நீடிக்கும்.

இவ்வையம் பழையது. பெட்ஃபோர்டு என்னும் ஆங்கில மருத்துவர் 1955இலேயே இதனை எழுப்பினார். 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, பெரிய அறுவைக்கு உள்ளான, 60 வயது நிரம்பிய 1,218 பேரைச் சோதித்தது. ஒரு வாரத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நினைவும் கவனமும் குன்றியிருந்தன; மூன்று மாதங்களுக்குப் பின் அது பதின்மரில் ஒருவராகக் குறைந்தது. முழு மயக்கமின்றி, முதுகில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்த அறுவைகளிலும் மூன்று மாத முடிவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனவே, பழியை மருந்தின்மீது மட்டும் சுமத்த இயலாது. அறுவையால் எழும் அழற்சி, வலி, உறக்கமின்மை, முன்பே தேய்ந்திருந்த நினைவாற்றல் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன.

கண் விழித்ததும் மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் அணிவித்தல், பழகிய குரலில் நாளையும் இடத்தையும் எடுத்துச் சொல்லுதல், இரவில் உறங்கவிடுதல் ஆகியவை குழப்பத்தைக் குறைக்கும். பாட்டிக்கு முன்பே மறதி இருந்தால், அதனை அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். 'வயதானால் இயல்புதானே' என்று வீட்டார் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் இதைத்தான்.