வில்லன் சொன்ன பொன்மொழி

நான்காம் படிவத்தில் படித்தபோது ஆங்கிலப் பேச்சுப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். தலைப்பு ‘நற்பெயர்’. எடுத்த எடுப்பிலேயே அவையோரைக் கவர வேண்டும் என்ற ஆசையில் கைப்பேசியில் தேடினேன். பணம் போனாலும் பரவாயில்லை, நற்பெயர் போனால் மனிதனிடம் ஒன்றும் மிஞ்சாது என்ற பொருளில் ஷேக்ஸ்பியரின் பொன்மொழி ஒன்று கிடைத்தது. மனப்பாடம் செய்து மேடையில் முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது.

போட்டி முடிந்ததும் நடுவர் ஒருவர் என்னை அழைத்தார்.

“நல்லா பேசின, தம்பி. அந்த வரியைச் சொன்னது யாரு?”

“ஷேக்ஸ்பியர், சார்.”

“எழுதினது அவர். நாடகத்தில் சொல்றது யாரு?”

பதில் தெரியாமல் விழித்தேன். அவர் சிரித்தபடி, “‘ஒத்தெல்லோ’வைப் படிச்சுப் பாரு” என்றார்.

நூலகத்தில் விளக்கக் குறிப்புகளுடன் கூடிய பதிப்பை எடுத்துப் படித்தேன். தூக்கிவாரிப் போட்டது. அந்த வரியைச் சொல்பவன் நாடகத்தின் வில்லனான இயாகோ! தனக்குக் கிடைக்க வேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டது என்று தளபதி ஒத்தெல்லோமீது வன்மம் கொண்டவன். ஒத்தெல்லோவின் மனத்தில் மனைவி டெஸ்டிமோனாவைப் பற்றிய சந்தேகத்தை விதைக்கும் கட்டத்தில்தான் நற்பெயரைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசுகிறான்.

அதற்கு முந்தைய அங்கத்தில் காசியோ குடிபோதைச் சண்டையில் பதவியை இழந்து, பெயர் கெட்டுவிட்டதே எனப் புலம்புகிறான். அவனிடம் இதே இயாகோ, நற்பெயர் என்பதெல்லாம் வெறும் பொய்த் தோற்றம் என்று நேர்மாறாகச் சொல்கிறான். மீனுக்கு ஏற்ற இரை! நற்பெயர் பெரிது என்ற கருத்தில் தவறில்லை. நல்ல கருத்தையும் ஒருவன் நஞ்சாகப் பயன்படுத்த முடியும் என்பதே என்னை உறுத்தியது.

நான் ஏன் ஏமாந்தேன்? குறளை மேற்கோள் காட்டினால் அது வள்ளுவர் நமக்குச் சொல்லும் அறிவுரை. அதே பழக்கத்தில் ஷேக்ஸ்பியரையும் படித்துவிட்டேன். நாடகத்தில் பேசுவது பாத்திரங்கள். 1564 முதல் 1616 வரை வாழ்ந்த அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. எனவே ஒரு பாத்திரத்தின் பேச்சை அவருடைய சொந்தக் கருத்து என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது.

‘ஹேம்லட்’ நாடகத்தைப் பாருங்கள். சுருக்கமாகப் பேசுவதைப் புகழும் அதன் புகழ்பெற்ற வரியைச் சொல்பவர் பொலோனியஸ். அதைச் சொல்லிவிட்டு அவர் நீட்டி முழக்க, பொறுமையிழந்த அரசி விஷயத்துக்கு வரும்படி சொல்லிவிடுகிறார். நேர்மையாக இருக்கும்படி மகனுக்கு அறிவுரை கூறி அனுப்பும் அதே தந்தை, பிறகு அவனை வேவு பார்க்கவும் ஆள் அனுப்புகிறார். வரியை மட்டும் படித்தால் அறிவுரை. காட்சியோடு படித்தால் நகைச்சுவை.

மாறாக, ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் ஃபெஸ்டே என்ற கோமாளி வருகிறான். இறந்த அண்ணனுக்காகத் துக்கம் காக்கும் தன் எஜமானி ஒலிவியாவிடம், அண்ணனின் ஆன்மா நரகத்தில் இருக்கிறது என்கிறான். இல்லை, சொர்க்கத்தில் இருக்கிறது என்று அவள் மறுக்கிறாள். சொர்க்கத்தில் இருப்பவருக்காக அழுவது முட்டாள்தனம் அல்லவா என்று மடக்குகிறான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அறிவாளி என்று பெயரெடுத்த பொலோனியஸைவிட, கோமாளி என்று பெயரெடுத்த ஃபெஸ்டேயிடமே உண்மையான மதிநுட்பம் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, கட்டுரையிலோ மேடையிலோ ஷேக்ஸ்பியரை மேற்கோள் காட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? எதற்காகச் சொல்கிறார்? விடை தேட அந்த ஒரு காட்சியைப் படித்தாலே பெரும்பாலும் போதும்.

இப்போது பல்கலைக்கழக விவாத மேடைகளிலும் அந்த நற்பெயர் வரியைச் சொல்கிறேன். ஆனால், “இதைச் சொன்னவன் இயாகோ” என்றே தொடங்குகிறேன். அவை முன்பைவிடக் கூர்ந்து கேட்கிறது.