காசு ஏந்தாத பூனை

பூனை குறுக்கே போனால் சற்று நின்றுவிட்டுப் புறப்படுகிற பழக்கம் எங்கள் பாகூர்ப் பக்கத்தில் இன்னும் மறையவில்லை. ஆகவே, டோக்கியோவில் வசிக்கும் என் மகள் 'பூனைக் கோயிலுக்குப் போகலாம் அப்பா' என்றபோது சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

ஷின்ஜுகுவிலிருந்து ஓடாக்யூ ரயிலில் சென்றால், கோயிலின் பெயரையே தாங்கிய கோதோகுஜி நிலையம் வருகிறது. ஜென் பௌத்தத்தின் சோதோ பிரிவைச் சேர்ந்த ஆலயம் அது. ஒரு சிறு சந்நிதியின் அருகே, வலக்கையை உயர்த்திய வெள்ளைப் பூனைப் பொம்மைகள் கண்ணுக்கெட்டியவரை அடுக்கப்பட்டிருக்கின்றன.

தலபுராணம் சுவையானது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வறுமையில் வாடிய மடம். அங்கிருந்த துறவி தம் உணவில் பங்கிட்டு ஒரு பூனையை வளர்த்தார். ஒருநாள் அவ்வழியே வந்த ஹிகோனே சிற்றரசர் ஈ நாவோதகாவை அப்பூனை கையசைத்து அழைக்க, அவர் உள்ளே நுழைந்ததும் இடியும் மழையும் கொட்டின. நன்றியுணர்வில் அவர் மடத்தை ஆதரித்தார் என்பது கதை. 1633இல் அது ஈ குடும்பத்தின் ஆலயமானதும், 1659இல் நாவோதகா மறைந்தபின் அவருக்குச் சூட்டப்பட்ட சமயப்பெயரிலிருந்து இன்றைய பெயர் வந்ததும் வரலாறு. 1860இல் எதோ கோட்டை வாயிலருகே கொல்லப்பட்ட ஈ நாவோசுகேயின் கல்லறையும் இங்கேதான் உள்ளது.

கடைகளில் காணும் ஜப்பானியப் பூனைகள் பொற்காசு ஏந்தியிருக்கும். இவற்றின் கையில் காசு இல்லை. பூனை வாய்ப்பை மட்டுமே அழைத்துத் தரும், அதைப் பயன்படுத்துவது அவரவர் பொறுப்பு என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். நாற்பதாண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால், அடுக்கைப் பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. பொம்மையை வீட்டுக்குக் கொண்டுபோய், வேண்டுதல் பலித்தபின் திரும்பக் கொண்டுவந்து வைப்பது மரபு. (சுற்றுலாப் பயணிகள் அன்றே வைத்துவிடுவதும் உண்டு.) அப்படியானால், பலிக்காதவர்களின் பூனைகள் இந்த அடுக்கில் இல்லை, அவை வீட்டு அலமாரிகளில் மௌனமாக இருக்கின்றன. வென்றவர்களை மட்டும் எண்ணி வெற்றியின் காரணத்தைத் தேடும் பிழையை வகுப்பில் விளக்க எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன். நம் ஊர் மரங்களில் தொங்கும் தொட்டில்கள் இவ்வகையில் நேர்மையானவை. வேண்டும்போதே கட்டப்படுவதால், பலித்ததும் பலிக்காததும் அங்கே சேர்ந்தே ஆடுகின்றன.

அய்யனார் கோயில் மண்குதிரைகளும் கோதோகுஜி பூனைகளுக்கு உறவுதான். வேண்டுதல் நிறைவேறியதற்குக் காணிக்கையாக வைக்கப்படுபவை. ஆனால், பல ஊர்களில் அந்த இடத்தைச் சிமெண்டுக் குதிரைகள் பிடித்துவிட்டன. மண்குதிரை வெயிலிலும் மழையிலும் சிதையும். சிதைவதால்தான் குயவருக்கு மறுபடி வேலை வந்தது. சிமெண்டுக் குதிரையோ ஒருமுறை நின்றால் தலைமுறைக்கும் போதும். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் கலை இன்று வரவேற்பறை அலங்காரப் பொருள்களையும் நம்பியிருப்பதில் வியப்பில்லை. அலங்காரத்துக்கு ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வருவது அரிது. வேண்டுதலுக்கோ முடிவில்லை.

ஊர் திரும்பியதும், நான் வாங்கிவந்த பூனையை வில்லியனூரில் எனக்குப் பழக்கமான கைவினைஞர் ஒருவரிடம் காட்டினேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இதை நாங்களும் செய்வோம். ஆனா வேண்டிக்கிறவங்க எங்க?" என்றார்.

என் பூனை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.