பொதிகையில் ஆடிய காந்த ஊசி

தாமிரபரணி உற்பத்தியாகும் பொதிகையின் அகத்தியர் மலைச் சிகரத்தில், ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில், மேகமும் மழையும் அட்டையும் ஆட்சி புரியும் ஓரிடத்தில், 1855-ஆம் ஆண்டில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் எழுந்தது என்று சொன்னால், அந்த மலையை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் பாபநாசத்துக்காரர்களே நம்பத் தயங்குவார்கள். அதை நிறுவிய ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக இருந்தவர். காந்த ஊசி தினந்தோறும் மயிரிழையளவு அசைந்து மீள்கிறதே, அவ்வசைவு உயரத்தைப் பொறுத்து மாறுபடுமா என்று அறியும் பொருட்டு, மலையுச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஒரே காலத்தில் ஊசியைக் கவனித்துக் குறிக்கச் செய்தார். காந்தக் கலக்கங்கள் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை தலைகாட்டுவதைக் கண்டு, சூரியனின் சுழற்சியோடு அதைத் தொடர்புபடுத்தியவரும் அவரே.

இந்தப் பிரதேசத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. தொங்கவிட்ட காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த மத்திய ரேகை, நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதற்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய கிரணங்களால் மின்னேற்றம் பெற்ற காற்று பூமியின் காந்தத்தினூடே அலைவதால், பகல் வேளையில் கிழக்கு நோக்கி மின்சாரம் ஓடுகிறது. காந்தக் கோடுகள் இங்கே படுத்துக் கிடப்பதால் மின்னேற்றங்கள் வடிந்தோட வழியின்றித் தேங்க, அத்தேக்கமே ஓட்டத்தைப் பெருக்கி, சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள குறுகிய தாரையாக்கிவிடுகிறது.

சிற்பங்களுக்குப் பேர்போன, திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தப் புலப்படாத மின்தாரையின் கீழே, இந்தியப் புவிக்காந்தவியல் கழகத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வானசாஸ்திரி என்றால் தொலைநோக்கியில் கண் பதித்திருப்பவர் என்று எண்ணிப் போகிறவர் அங்கே ஏமாந்து திரும்புவார். 1992-இல் நிறுவப்பட்ட ரேடார், 1.98 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி, 70 முதல் 100 கிலோமீட்டர் வரையிலான காற்றின் வேகத்தை அளந்து பதிவு செய்து வந்திருக்கிறது. இரவு வேலை காமிராவுக்கு. அதுவும் மழை ஓய்ந்த மாதங்களில், நிலவில்லாத பொழுதுகளில் மட்டும். பௌர்ணமியை விரும்பாத மனிதர் உலகில் உண்டென்றால் அவர்கள் இத்தொழிலில்தான் இருப்பார்கள்! சுமார் 250 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் உமிழும் மங்கிய செவ்வொளியில், தெற்கு வடக்காக நீண்டு கிழக்கே நகரும் கரிய பட்டைகளை அக்காமிரா காட்டும். அவை மின்னூட்டக் காற்றில் எழும் பெரும் குமிழிகள். செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் குழப்புவதில் கைதேர்ந்தவை.

மின்தாரையின் பலத்தை அறியும் உபாயமோ வெறும் கழித்தல் கணக்கு. திருநெல்வேலியில் பதிவாகும் காந்த மாறுதலிலிருந்து, தாரைக்கு வெளியே மும்பை அருகிலுள்ள அலிபாக்கில் பதிவாவதைக் கழித்தால், மிஞ்சுவது தாரையின் பங்கு. 2010 ஜனவரி 15-ஆம் நாள், பொங்கலுக்கு மறுநாள் நண்பகலில், கங்கண சூரிய கிரகணம் தென் தமிழ்நாட்டைக் கடந்தபோது, கிழக்கே ஓடவேண்டிய தாரை மேற்கே திரும்பியதை இப்படித்தான் கண்டார்கள். கிரகணத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஆண்டுக்கணக்காக ஊசியைக் காத்துக் கிடந்தவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை.

இப்போது ஊசி இன்னும் உயரம் போயிருக்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் புறப்பட்டு, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்டிருக்கும் சூரிய ஆய்வுக்கலமான ஆதித்யா எல்-1, ஆறு மீட்டர் நீளக் கையில் காந்தமானிகளை ஏந்தி நிற்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, தாமிரபரணிக்கு நீர் சேர்க்கும் சிற்றாற்றுப் பக்கத்துச் செங்கோட்டைக்காரர்; திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். 2024 மே மாதத்தில், இருபதாண்டுகளில் காணாத காந்தப் புயல் பூமியைத் தாக்கியபோது, ஆதித்யாவும் அதைப் பதிவு செய்தது. அத்தகைய புயலைக் கொண்டுவரும் வேகமான சூரியக் காற்று அவ்விடத்திலிருந்து பூமியை எட்ட அரைமணி நேரம் போதும். அங்கே அளந்து விடுக்கும் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவே. ஆனால் சூரியன் அமைதியாக இருக்கும் ஒரு சாதாரண நாளில், இன்று மாலை கிருஷ்ணாபுரத்துக்கு மேலே குமிழி எழுமா எழாதா என்பதைக் காலையிலேயே நிச்சயமாகச் சொல்லிவிட எவராலும் இன்னும் இயலவில்லை.