வீட்டிலேயே பெரிய படம்: எந்தப் பிரிண்டர் வாங்கலாம்?

கல்கத்தா சௌரங்கியை ஒட்டிய எஸ்.என். பானர்ஜி சாலையில் போர்ன் அண்ட் ஷெப்பர்டு என்ற பழம்பெரும் ஸ்டூடியோ இருந்தது. 1991இல் அங்கே தீப்பிடித்து, தலைமுறைகளாகச் சேர்ந்த நெகடிவ்கள் பெரும்பாலும் அழிந்தன. 2016இல் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். ஆனாலும் சாமுவேல் போர்ன் 1860களில் இமயமலையில் எடுத்த படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. அவை அப்போதே தாளில் அச்சாகி, பலரது ஆல்பங்களுக்கும் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

அதனால்தான், பிடித்த படத்தை போனிலேயே விட்டுவிடாமல் நல்ல தாளில் பெரிதாக அச்சிட்டு வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழன் நான். குமார்துலியில் சிலை செய்பவர்களையும், ஹௌரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தையையும் படமெடுத்து வீட்டிலேயே அச்சிடுகிறேன். "எந்தப் பிரிண்டர் சார் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது, "மாசத்துக்கு எத்தனை பெரிய படம் போடுவீங்க?" என்பதுதான்.

காரணம் இருக்கிறது. இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் முடியைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. சும்மா கிடந்தால் மை காய்ந்து அவை அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் மை வீணாகிறது. வாரம் ஒரு படமாவது போடுகிறவருக்குத்தான் சொந்தப் பிரிண்டர் கட்டுப்படியாகும். பூஜைக்கும் பொங்கலுக்கும் மட்டும் அச்சிடுகிறவர்கள் நல்ல போட்டோ லேபில் கொடுப்பதே மேல். 12க்கு 18 அங்குலம் வரை பல லேப்களிலும் தரமாகப் போட்டுத் தருகிறார்கள்.

வாங்குவது என்று முடிவானால் அளவைப் பாருங்கள். ஏ4 என்பது ஆல்பத்துக்கான அளவு. சுவரில் மாட்ட ஏ3 பிளஸ், அதாவது 13க்கு 19 அங்குலம், வீட்டுக்கு ஏற்றது. 24 மெகாபிக்சல் கேமராப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏறத்தாழ இதே அளவுக்குச் சரியாக வரும். 12 மெகாபிக்சல் போன் படத்தில் அந்தக் கணக்குப்படி 13க்கு 10 அங்குலம்தான் கிடைக்கும். நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 புள்ளியே போதும் என்பதால் போன் படத்தையும் ஏ3 பிளஸ் வரை பெரிதாக்கலாம்.

அடுத்தது மை. இதில்தான் பணமும் ஆயுளும் அடங்கியிருக்கின்றன. டை மை தண்ணீரில் கரைந்த சாயம். தாளின் பூச்சுக்குள் இறங்கி, பளபளப்புத் தாளில் பளிச்சென்று நிற்கும். விலையும் குறைவு. ஆனால் ஈரக்காற்றில் சாயம் மெல்லப் பரவும், வெளிச்சத்தில் வெளிறும். பிக்மென்ட் மை நுண்ணிய நிறத்துகள்களால் ஆனது. தாளின் மேற்பரப்பிலேயே படிந்து, ஈரத்தையும் வெளிச்சத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆடி, ஆவணியில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் கல்கத்தாவில் இந்த வேறுபாடு பெரிது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கும் இதையே சொல்வேன்.

மை எத்தனை நிறம் என்றும் கேளுங்கள். நாலு நிற ஆபீஸ் பிரிண்டரில் வானமும் கன்னமும் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் சேர்ந்த ஆறு நிறமாவது வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் போடுகிறவருக்குச் சாம்பல் நிற மையும் அவசியம்.

இவற்றை வைத்துப் பார்த்தால் மூன்று வழிகள் உண்டு. குடும்பப் படம், திருமணப் படம் என்று நிறைய அச்சிடுவோருக்கு எப்சன் எல்18050 போன்ற ஆறு நிற இங்க் டேங்க் இயந்திரம். பாட்டிலில் மை ஊற்றுவதால் செலவு மிகக் குறைவு. டை மை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கண்காட்சிக்கும் விற்பனைக்கும் அச்சிடுவோருக்கு கேனன் ப்ரோ-300 போன்ற பத்துக் கார்ட்ரிட்ஜ் கொண்ட பிக்மென்ட் இயந்திரம். கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றிலும் சுமார் 14 மில்லிதான் மை என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் யோசித்தே பட்டனை அழுத்துவீர்கள். 17 அங்குல அகலத்தில் தொடர்ந்து அச்சிடுவோருக்கு கேனன் ப்ரோ-1000 போன்ற இயந்திரம். முதலீடு பெரிது, ஆனால் 80 மில்லி கார்ட்ரிட்ஜ் என்பதால் மில்லிக் கணக்கில் மை மலிவாகும்.

கல்கத்தா சாந்தினி மார்க்கெட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ விலை கேட்கப் போகும்போது உங்கள் படத்தையே பென் டிரைவில் கொண்டுபோங்கள். அதில் ஒரு முகமும் ஒரு இருட்டு மூலையும் இருக்கட்டும். கம்பெனிக்காரர் மாதிரிக்குக் காட்டும் கிளியின் படம் எந்த இயந்திரத்திலும் அழகாகத்தான் வரும். புது ஹெட் என்ன விலை, உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்றும் விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பெரும்பாலோர் சொல்லும் குறை, "திரையில் பளிச்சென்று இருக்கிறது, தாளில் இருண்டுவிட்டது" என்பது. பழி பெரும்பாலும் திரை வெளிச்சத்துக்கே. அதைக் குறையுங்கள். தாளுக்கேற்ப நிறத்தைச் சரிசெய்ய தாள் கம்பெனி இலவசமாகத் தரும் ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பை இறக்கி, அச்சிடும்போது அதையே தேர்ந்தெடுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும்.

மீதி, ஈரத்தோடு நடத்தும் போராட்டம். தாளை அதன் உறையிலேயே படுக்கை வாட்டத்தில் வையுங்கள்; வேண்டிய தாளை மட்டும் வெளியே எடுங்கள். சித்திரை, வைகாசியில் காலபைசாகிப் புயல் வீசி மின்சாரம் போனால், ஹெட் மூடிக்கொள்ளாமல் நடுவழியில் நிற்கும். மின்சாரம் வந்ததும் பிரிண்டரை இயக்கி, பிறகு அதன் பட்டனாலேயே அணையுங்கள். அச்சிட்ட படத்தை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு பிரேம் போடுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஓதம் ஏறிய சுவரில் மாட்டவே வேண்டாம். மற்றச் சுவர்களிலும் பிரேமின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்றுப் போக வழி இருக்கும்.

என் தீர்ப்பு இது. வாரந்தோறும் அச்சிடுவீர்களானால், சுவருக்குப் போகும் படத்துக்கு ஏ3 பிளஸ் பிக்மென்ட் பிரிண்டர் வாங்குங்கள். ஆல்பத்துக்கும் பரிசுக்கும் என்றால் ஆறு நிற டேங்க் போதும். அந்த அளவுக்கு அச்சிட மாட்டீர்கள் என்றால், அதே பணத்தில் லேபில் பல ஆண்டுகளுக்குப் படம் போடலாம். எந்த வழியானாலும், இந்த மாதமே ஒரு படத்தையாவது தாளுக்குக் கொண்டுவாருங்கள்.