வாக்குரிமைக்கு முன் குடியுரிமை: நம் வீடுகளில் சரிபார்க்க வேண்டியவை



தேர்தல் நெருங்கும் போதெல்லாம் நம் அலுவலகத்திற்கு வருவோர் ஒரே மாதிரியான கேள்விகளையே கேட்கின்றனர். "மகன் சவூதியில இருக்கான், அவனுக்கு ஓட்டு உண்டா?" "மருமக இலங்கையிலிருந்து வந்தவ, ஆதார் இருக்கு, பேரு சேர்க்கலாமா?" சபர் செய்து பிழைத்த குடும்பங்கள் நம்முடையவை என்பதால் இக்கேள்விகள் எழுவது இயல்பே. அவற்றுக்கான விளக்கத்தை இங்கே தருகிறோம்.

சட்டம் கேட்பது என்ன?

சட்டமன்றத் தேர்தலில் யார் வாக்களிக்கலாம் என்பதை அரசியலமைப்பின் 326-வது பிரிவும், 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் கூறுகின்றன. இந்தியக் குடியுரிமை இருக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அத்தொகுதியில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும். இம்மூன்றில் முதலாவது இல்லையென்றால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை. ஆதார் அட்டை அடையாளத்திற்கு மட்டுமே. அது குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

வளைகுடாவில் வேலை செய்வோர்

எத்தனை ஆண்டுகள் அங்கே இருந்தாலும், இந்திய பாஸ்போர்ட்டை வைத்திருந்து, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவரை அவர்கள் இந்தியக் குடிமக்களே. படிவம் 6ஏ மூலம் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதியலாம். பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிப்படி பெயர் சேர்க்கப்படும். வாக்குப்பதிவு நாளில் நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி வாக்களிக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றோர்

விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. ஓசிஐ அட்டை இருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம், வாக்களிக்க முடியாது. அப்படிப்பட்டவரின் பழைய பெயர் பட்டியலில் இருந்தால், படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுவதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து வந்த மருமக்கள்

நிக்காஹ் முடிந்ததும் குடியுரிமை தானாக வந்துவிடாது. இந்தியரை மணந்தவர், 7 ஆண்டுகள் இந்தியாவில் வசித்த பின் விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். சான்றிதழ் கைக்கு வரும் வரை அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது. படிவம் 6-இல் "நான் இந்தியக் குடிமகன்" என்று உறுதிமொழி தருகிறோம். அது பொய்யானால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பாசத்தால் செய்யும் காரியம் அந்தப் பெண்ணின் குடியுரிமை விண்ணப்பத்துக்கே இடையூறாக முடியக்கூடும். ஆனால் பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். தந்தை இந்தியராக இருந்து, குழந்தை இங்கே பிறந்த நேரத்தில் தாய் முறையான விசாவில் இருந்திருந்தால், அக்குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன்.

வளைகுடாவில் பிறந்த பிள்ளைகள்

நாம் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தாயும் தகப்பனும் இந்தியர், ஆகவே பிள்ளையும் தானாகவே இந்தியர் என்று எண்ணிவிடுகிறோம். 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அது போதாது. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதியுடன்தான் பதிய முடியும். அப்போது பிறந்தவர்கள் இப்போது 18 வயதை எட்டி வருகிறார்கள். தூதரகப் பதிவுச் சான்று வீட்டில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். ஓட்டுக்கு மட்டுமன்றி, படிப்புக்கும் வேலைக்கும் அது தேவைப்படும்.

பெயர் நீக்க நோட்டீஸ் வந்தால்

பதற வேண்டாம், அலட்சியமும் கூடாது. பட்டியலில் ஏற்கெனவே உள்ள ஒருவரைக் குடிமகன் அல்ல என்று சந்தேகித்து நீக்குவதானால், அவருக்குக் காரணம் சொல்லி, பதில் தர உரிய வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1995-இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. குறித்த நாளில் ஆவணங்களுடன் நேரில் செல்லுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை பெறுங்கள். முடிவு பாதகமானால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பள்ளிச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள். பெயர், தகப்பனார் பெயர் எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பிழை இருந்தாலோ, திருமணமாகி வேறு ஊர் போயிருந்தாலோ படிவம் 8 கொடுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 நிறைவோர் படிவம் 6 கொடுக்கலாம். சந்தேகங்களுக்கு 1950 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்திற்கு வாருங்கள், கட்டணமின்றி உதவுகிறோம். தகுதியுள்ள ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. தகுதியில்லாத ஒரு பெயரும் நம் வீட்டுக் கணக்கில் சேரக் கூடாது. இரண்டுமே நம் பொறுப்பு.